வெட்டாத வாள்

வீடியோ விளையாட்டு ஆடும் இருவரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு வழக்கு கட்டாயம் வந்து சேரும். "நான் விலகிட்டேன்! அவன் வாள் என் மேல படவே இல்லை. ஆனாலும் அடி விழுந்த மாதிரி காட்டுது" என்று ஒருவர் கத்துவார். "பட்டுச்சு, நான் பார்த்தேன்" என்பார் மற்றவர். விளையாட்டு நிற்கும், வழக்கு நடக்கும், தீர்ப்பு மட்டும் வராது.

இந்த வழக்கை நாம் எடுத்துக்கொள்வோம். திரைக்குள் இருக்கும் வாளுக்கு நிறை இல்லை, கூர்மை இல்லை. எதிரிக்கு உடலும் இல்லை. அப்படியிருக்க, வாள் 'பட்டது' என்று யார் முடிவு செய்கிறார்கள்? எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

எடுத்துக்காட்டாக 'ஒனிமுஷா' என்ற விளையாட்டை வைத்துக்கொள்வோம். 2001 ஜனவரியில் ஜப்பானில் வெளிவந்தது. ஒசாகா நகரத்துக் கேப்காம் நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக உருவாக்கியது. 'ஒனி' என்றால் அரக்கன், 'முஷா' என்றால் போர்வீரன். எதிரிகளை வாளால் வெட்டித் தள்ளிக்கொண்டே முன்னேறும் வகையைச் சேர்ந்தது. கதை நடப்பது 16-ஆம் நூற்றாண்டு ஜப்பானில். சிற்றரசர்கள் ஒருவரோடு ஒருவர் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1560-இல் ஒக்கேஹாசாமா என்ற இடத்தில் ஓடா நொபுநாகா என்ற சிற்றரசன், தன்னைவிடப் பெரும்படையோடு வந்த இமாகாவா யோஷிமோட்டோவைத் தோற்கடித்தான். இது வரலாறு. விளையாட்டிலோ, அதே போர்க்களத்தில் நொபுநாகா அம்பு பட்டு இறக்கிறான். பிறகு அரக்கர்கள் அவனை உயிர்ப்பிக்கிறார்கள். இனாபாயாமா கோட்டையிலிருந்து யூகி என்ற இளவரசி காணாமல் போகிறாள். அவளை மீட்கச் செல்லும் வீரன் சமனோசுகே. அவனுக்கு டகேஷி கனேஷிரோ என்ற திரைப்பட நடிகரின் முகத்தை வடித்துக் கொடுத்திருக்கிறார்கள். உண்மையான நொபுநாகா 1567-இல் அந்தக் கோட்டையைக் கைப்பற்றி, அந்த ஊருக்கு கிஃபு என்று பெயர் மாற்றினான். 1582-இல்தான் இறந்தான். ஆகவே இந்த விளையாட்டை நம்பி வரலாற்றுத் தேர்வு எழுதிவிடாதீர்கள்! நம் பாடம் இயற்பியல், வாளுக்கு வருவோம்.

திரைக்குப் பின்னால்

ஒனிமுஷாவில் நாம் காணும் கோட்டைச் சுவர்களும் படிக்கட்டுகளும் பெரும்பாலும் முன்கூட்டியே தயாரித்து வைத்த படங்கள். நாடக மேடையில் பின்னால் தொங்கும் திரைச்சீலை போன்றவை. அவற்றின் முன்னால் நடமாடும் வீரனும் அரக்கர்களும் வாள்களும் மட்டும் ஒவ்வொரு கணமும் புதிதாகக் கணக்கிட்டு வரையப்படுகிறார்கள்.

ஒவ்வொரு கணமும் என்றால் எவ்வளவு நேரம்? திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்ததே. வீடியோ விளையாட்டுகளில் பொதுவாக விநாடிக்கு 30 அல்லது 60 படங்கள். நாம் 60 என்றே கொள்வோம். ஆக ஒரு படத்திற்குக் கிடைக்கும் காலம் 1/60 விநாடி. பிளேஸ்டேஷன் 2-இன் மையச் செயலி விநாடிக்கு ஏறத்தாழ 29.5 கோடி முறை துடிக்கும். அறுபதால் வகுத்தால், ஒரு படத்திற்குச் சுமார் 49 லட்சம் துடிப்புகள். கேட்பதற்குப் பெரிய செல்வம் போலத் தோன்றும். ஆனால் அதற்குள் விசை அழுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும், எதிரிகள் ஒவ்வொருவரும் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும், எல்லோரையும் நகர்த்த வேண்டும், ஒலி எழுப்ப வேண்டும். இவ்வளவு வேலைக்கு நடுவில்தான் வாள் பட்டதா என்ற கேள்விக்கும் விடை காண வேண்டும்.

வீரனின் உருவம் ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களால் ஆனது. வாளின் ஒவ்வொரு முக்கோணமும் எதிரியின் ஒவ்வொரு முக்கோணத்தையும் தொடுகிறதா என்று பார்ப்பதற்கு நேரம் போதாது. எனவே இத்தகைய விளையாட்டுகளை அமைப்பவர்கள் ஓர் உபாயம் செய்கிறார்கள். எதிரியின் தலைக்குள் ஒரு கோளம், நெஞ்சுக்குள் ஒரு கோளம், கை கால்களுக்குள் கேப்ஸ்யூல் மாத்திரை வடிவில் ஒரு குப்பி என்று எளிய வடிவங்களைப் பொதிந்து வைக்கிறார்கள். இவை திரையில் தெரியா. வாளுக்கும் அப்படியே பிடியிலிருந்து நுனிவரை ஒரு நேர்கோடு. அதைச் சுற்றிக் கொஞ்சம் பருமன். கணிப்பொறி பார்ப்பது இவற்றை மட்டும்தான்.

இரண்டு கோளங்கள் தொடுகின்றனவா என்று அறிவது உங்களுக்கே வரும் கணக்கு. மையங்களுக்கு இடையே உள்ள தொலைவு, இரண்டு ஆரங்களின் கூடுதலைவிடக் குறைவாக இருந்தால் தொட்டுவிட்டன. வாள்நுனியின் மையம் ஆதிப்புள்ளியில் இருக்கிறது, ஆரம் 10 செ.மீ. என்க. எதிரியின் தலைக்கோளத்தின் மையம் (30, 40) என்ற புள்ளியில் இருக்கிறது, ஆரம் 15 செ.மீ. என்க. பிதாகரஸ் தேற்றப்படி தொலைவு 50 செ.மீ. ஆரங்களின் கூடுதல் 25 செ.மீ. எனவே படவில்லை. இதில் ஒரு சிறிய சாமர்த்தியமும் உண்டு. வர்க்கமூலம் காண்பது கணிப்பொறிக்குப் பெருக்கலைவிட அதிக வேலை. எனவே அது 50-ஐக் கண்டுபிடிப்பதே இல்லை. 2500-ஐயும் 625-ஐயும் அப்படியே ஒப்பிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. நீங்கள் பள்ளியில் படித்த தேற்றத்தின் முக்கால் பங்கு போதும், ஓர் அரக்கனை வீழ்த்திவிடலாம்!

தாண்டிக் குதிக்கும் வாள்

இங்கே ஒரு சங்கடம் வருகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

வீரன் வாளை வீசுகிறான். தோளிலிருந்து வாள்நுனிவரை 1.2 மீட்டர் என்று கொள்வோம். வாள் 120 டிகிரி கோணத்தை 0.15 விநாடியில் கடக்கிறது என்றும் கொள்வோம். நுனி செல்லும் வில்லின் நீளம் சுமார் 2.5 மீட்டர். வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். 0.15 விநாடியில் வருபவை 9 படங்கள்தான். ஆக ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையில் வாள்நுனி சுமார் 28 செ.மீ. நகர்ந்துவிடுகிறது.

மனிதக் கழுத்தின் குறுக்களவு அதில் பாதிகூட இராது. ஒரு படத்தில் வாள் கழுத்துக்கு இந்தப் பக்கம்; அடுத்த படத்தில் அந்தப் பக்கம். இரண்டு படங்களிலும் கணிப்பொறி பார்க்கிறது: பட்டதா? இல்லை. பட்டதா? இல்லை. கழுத்தின் குறுக்கே வாள் போய்விட்டது, எதிரியோ நலமாக நிற்கிறான்! கணிப்பொறியைப் பொறுத்தவரை அந்த இரண்டு படங்களுக்கு நடுவில் காலம் என்ற ஒன்றே இருக்கவில்லை.

இதை நீங்களே கண்ணால் காணலாம். சோக்கு மாட்டிய பழைய குழல்விளக்கு வீட்டிலோ பள்ளியிலோ இருந்தால், இரவில் அந்த ஒரு விளக்கை மட்டும் எரியவிடுங்கள். கரும்பலகை போன்ற இருண்ட பின்னணிக்கு முன்னால் வெள்ளை வண்ணம் பூசிய மெல்லிய குச்சி ஒன்றை வேகமாக வீசுங்கள். (பக்கத்தில் தம்பி தங்கையர் நிற்க வேண்டாம்.) குச்சி தொடர்ச்சியான விசிறியாகத் தெரியாமல், வரிவரியாகப் பிரிந்து தெரியும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று மாறுமின்சாரம். ஒரு சுற்றில் இரு முறை விளக்கு ஒளிகூடி மங்குவதால் விநாடிக்கு 100 துடிப்புகள். அடுத்தடுத்த இரண்டு வரிகளின் நுனிகளுக்கு இடையே 5 செ.மீ. இருந்தால், குச்சி நுனியின் வேகம் விநாடிக்கு 5 மீட்டர். அந்த வரிகளுக்கு நடுவில் இருக்கும் இருட்டில்தான் விளையாட்டின் வாள் தாண்டிக் குதிக்கிறது. எலெக்ட்ரானிக் சோக்கிலும் பல எல்.இ.டி. விளக்குகளிலும் இது சரியாகத் தெரியாது. அப்படியானால் கைபேசியில் படம்பிடித்து ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள்.

இதற்குத் தீர்வு என்ன? வாள் இருக்கும் இடத்தை மட்டும் பார்க்காமல், சென்ற படத்தில் வாள் இருந்த கோட்டையும் இந்தப் படத்தில் இருக்கும் கோட்டையும் இணைத்து ஒரு நாற்கரம் அமைக்கிறார்கள். அந்த நாற்கரத்துக்குள் எதிரியின் கோளம் எங்காவது அகப்படுகிறதா என்று பார்க்கிறார்கள். வாள் என்பது இப்போது ஒரு பொருளாக இல்லாமல், அது பெருக்கிச் சென்ற பரப்பாக ஆகிவிடுகிறது. இந்த விளையாட்டுகளில் வாள் வீசும்போது பின்னால் ஒளிக்கீற்று ஒன்று விரிவதைக் கவனித்திருக்கிறீர்களா? அழகுக்காகத்தான் வைக்கிறார்கள். ஆனால் கணக்கில் அமர்ந்திருக்கும் நாற்கரமும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் இருக்கிறது.

வழக்குக்குத் தீர்ப்பு

நம் இரண்டு நண்பர்களின் வழக்கை இனித் தீர்க்கலாம். ஒருவர் பார்த்தது வரைந்த உருவத்தை. கணிப்பொறி பார்த்தது உள்ளே பொதிந்த குப்பிகளை. இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆடுபவருக்குச் சலுகையாக அவருடைய வாளைக் கொஞ்சம் பருமனாகவும், அவருடைய உடலைக் கொஞ்சம் ஒல்லியாகவும் வைப்பது இந்தத் தொழிலில் சகஜம். நமக்குச் சாதகமாக ஏமாற்றும்போது நாம் வழக்குப் போடுவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, காலதாமதம். நீங்கள் விசையை அழுத்தி, அதைக் கணிப்பொறி படித்து, கணக்கிட்டு, வரைந்து, தொலைக்காட்சி காட்டுவதற்குள் இரண்டு மூன்று படங்கள் ஓடிவிடும். மூன்று படம் என்றால் 0.05 விநாடி. விநாடிக்கு 17 மீட்டர் வேகத்தில் வரும் வாள்நுனி அதற்குள் 85 செ.மீ. வந்துவிடும். தட்டைத் திரைத் தொலைக்காட்சிகள் பல, படத்தை மெருகேற்றுவதற்கென்று மேலும் சிறிது தாமதம் செய்கின்றன. 'நான் அப்போதே விலகிவிட்டேன்' என்று நண்பர் சொன்னது பொய்யல்ல. அவருடைய 'அப்போது' வேறு, இயந்திரத்தின் 'அப்போது' வேறு.

ஒனிமுஷாவில் 'இஸ்ஸென்' என்று ஓர் அடி உண்டு. எதிரி தாக்கும் அதே கணத்தில் நீங்கள் விசையை அழுத்தினால் ஒரே வீச்சில் அவன் விழுவான். அந்தக் கணம் சில படங்கள் அளவே நீடிக்கும். ஆனால் கண்டபின் செயல்பட மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 விநாடி தேவை. நண்பரைச் செங்குத்தாக ஓர் அளவுகோலைப் பிடித்து, சொல்லாமல் விடச் செய்யுங்கள், நீங்கள் பிடியுங்கள். 20 செ.மீ. விழுந்தபின் பிடித்தால் உங்கள் நேரம் 0.2 விநாடி. அதாவது 12 படங்கள்! ஆகவே வாள் வருவதைக் கண்டு இஸ்ஸென் அடிப்பது இயலாது. எதிரி தோளை உயர்த்தும்போதே அடுத்து நடக்கப்போவதை ஊகித்தாக வேண்டும். அதற்காகவே அரக்கர்கள் எல்லோரும் அடிக்கும் முன் வாளைத் தாராளமாக ஓங்குகிறார்கள்.

எடை எங்கிருந்து வந்தது?

உண்மையான ஜப்பானிய வாள் சுமார் 1 கிலோகிராம் இருக்கும். விநாடிக்கு 17 மீட்டர் வேகத்தில் செல்லும் அதன் நுனியை ஒரே படத்தில், அதாவது 1/60 விநாடியில், நிறுத்த வேண்டுமென்றால் முடுக்கம் விநாடிக்கு விநாடி ஏறத்தாழ 1000 மீட்டர் ஆகும். புவியீர்ப்பைப் போல் நூறு மடங்கு. மணிக்கட்டு தாங்காது. திரையில் உள்ள வாளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நினைத்த இடத்தில் நிற்கும், நினைத்த கணத்தில் திரும்பும். ஆனால் அப்படி விட்டால் அது வாளாகத் தோன்றாது, வாழை நார் போலத் தோன்றும். எனவே வீசிமுடித்த வீரன் சற்றுத் தடுமாறி நிலைக்கு வரும்படி சில படங்களைச் சேர்க்கிறார்கள். கனமான ஆயுதம் என்று காட்ட வேண்டுமா? ஓங்குவதற்கும் மீள்வதற்கும் இன்னும் சில படங்கள். இல்லாத நிறைக்கு இப்படி நிலைமத்தை மட்டும் வழங்குகிறார்கள்.

இதைவிட விந்தையான தந்திரம் ஒன்று உண்டு. வாள் எதிரியின்மீது பட்டதும் சில படங்களுக்கு இருவரையும் அப்படியே அசையாமல் நிறுத்திவிடுகிறார்கள். ஆறு படம் என்றால் பத்தில் ஒரு விநாடி. பிறகு ஆட்டம் தொடர்கிறது. ஜப்பானிய விளையாட்டு அமைப்பாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. உண்மை உலகில் வாள் ஒன்றில் புகும்போது அதன் உந்தம் குறைகிறது. விளையாட்டில் உந்தமும் இல்லை, விசையும் இல்லை. கடிகாரத்தையே நிறுத்திவிடுகிறார்கள். நம் கண் அதைத் தடை என்று எடுத்துக்கொள்கிறது. வாள் ஏதோ கெட்டியான ஒன்றில் இறங்கிய உணர்வு வருகிறது.

கையில் மட்டும் உண்மையாகவே ஒன்று நடக்கிறது. பிளேஸ்டேஷன் 2-இன் கைப்பிடிக் கருவிக்குள் சிறிதும் பெரிதுமாக இரண்டு மின்மோட்டார்கள் உள்ளன. அவற்றின் அச்சில் ஒரு பக்கமாகக் கனத்த சிறு உலோகத்துண்டு மாட்டப்பட்டிருக்கும். மோட்டார் சுழலும்போது அந்தத் துண்டை வட்டத்தில் வைத்திருக்க மையநோக்கு விசை வேண்டும். அதைக் கொடுப்பது கருவியின் உடல். எதிர்விசையை வாங்கி உதறுவதும் அதுவே. சுழற்சி வேகம் இரு மடங்கானால் உதறல் நான்கு மடங்காகும். கோட்டை, அரக்கர், வாள் என்று அத்தனை ஆரவாரத்திலும் நம் கையை உண்மையில் தள்ளுவது அந்த உலோகத்துண்டுதான்.

ஒரு பிழை செய்த உதவி

ஒனிமுஷாவை உருவாக்கும்போது ஒரு பிழை தலைகாட்டியது. எதிரியை மேலே தூக்கியடித்துவிட்டுத் தொடர்ந்து வெட்டினால் அவன் கீழே விழாமல் அந்தரத்திலேயே நின்றான். அதே நிறுவனத்தில் வேறொரு விளையாட்டை இயக்கிக்கொண்டிருந்த ஹிடேகி காமியா இதைக் கண்டு, 'நன்றாயிருக்கிறதே!' என்று தம் விளையாட்டில் விதியாகவே சேர்த்துக்கொண்டார். 2001-இலேயே வெளிவந்த 'டெவில் மே கிரை' அது.

இப்படி ஒன்று நேர்வதற்கு ஒரு வழியைப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் எதிரியின் செங்குத்து வேகத்தை, அவன் எவ்வளவு வேகமாக விழுந்துகொண்டிருந்தாலும் சரி, மேல்நோக்கி விநாடிக்கு 1 மீட்டர் என்று அமைத்துவிடுவதாகக் கொள்வோம். அவன் மேலே போய்ப் பழைய உயரத்துக்குத் திரும்ப ஆகும் நேரம் 2 வகுத்தல் 9.8, அதாவது 0.2 விநாடி. விநாடிக்கு ஐந்து முறை வெட்டினால் அவன் இறங்கவே முடியாது! உண்மை உலகில் ஒவ்வோர் அடியும் அதற்குரிய உந்தத்தைக் கொடுத்தாக வேண்டும். வெட்டுபவன் அதே அளவு எதிர்த்திசையில் வாங்கிக்கொள்ளவும் வேண்டும். விளையாட்டுக்கு நியூட்டனின் மூன்றாம் விதியிலிருந்து விலக்கு உண்டு.

வளைவு

ஒன்று மிச்சமிருக்கிறது. கணக்கில் வாள் நேர்கோடு என்றேன். திரையில் வரையும்போதோ மெல்ல வளைந்திருக்கும். உண்மையான ஜப்பானிய வாளும் வளைந்ததுதான். கணிப்பொறி பொருட்படுத்தாமல் விட்ட அந்த வளைவு எங்கிருந்து வருகிறது?

கொல்லர் அதைச் சம்மட்டியால் அடித்து மட்டும் கொண்டுவருவதில்லை. இரும்பு மணலையும் கரியையும் 'தத்தாரா' என்ற களிமண் உலையில் மூன்று பகல் மூன்று இரவு எரித்து எஃகு எடுக்கிறார்கள். (ஷிமானே மாவட்டத்தில் 1977-இல் மீண்டும் உயிர்ப்பித்த உலை ஒன்று வாள் செய்வோருக்காக இன்றும் குளிர்காலத்தில் மூட்டப்படுகிறது.) எஃகை மடித்து மடித்து அடித்து, ஏறத்தாழ நேரான வாளாக்கியபின், களிமண் குழம்பு பூசுகிறார்கள். முதுகுப் பக்கம் தடிப்பாக. விளிம்புப் பக்கம் மெல்லியதாக. பிறகு செந்தழலாகக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள்.

மண் மெலிந்த விளிம்பு சட்டென்று குளிர்கிறது. குளிர்ந்தால் சுருங்கும் அல்லவா? ஆகவே முதலில் வாள் விளிம்பின் பக்கமாக, அதாவது தலைகீழாக, வளைகிறது. அடுத்த கணம் விளிம்பிலுள்ள எஃகின் அணு அமைப்பே மாறுகிறது. கரியணுக்கள் வெளியேற நேரமின்றி இரும்பணுக்களுக்கு நடுவில் சிக்கிக்கொள்கின்றன. 'மார்ட்டென்சைட்' என்னும் இந்த அமைப்பு மிகக் கடினமானது. கூடுதல் இடத்தையும் அடைத்துக்கொள்வது. விளிம்பு விரிகிறது. முதுகோ மண்போர்வைக்குள் நிதானமாகக் குளிர்ந்து, சுருங்கி, மென்மையாகவே நிற்கிறது. நீண்டுவிட்ட விளிம்பும் சுருங்கிய முதுகும் ஒட்டியிருப்பதால் வாள் முதுகுப் பக்கமாக வளைந்து நிலைக்கிறது. தண்ணீருக்குள் சில விநாடிகளில் ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னுமாக வளைந்து முடிந்துவிடுகிறது.

இதையும் கணிப்பொறியில் கணக்கிட்டிருக்கிறார்கள். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தட்சுவோ இனோவே 1990-களில் செய்த ஆய்வில் வாள் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பநிலை, எஃகின் அமைப்பு, உள்ளே தேங்கும் தகைவு மூன்றும் சேர்ந்தே கணக்கிடப்பட்டன. முன்வளைவும் பின்வளைவும் கணக்கிலும் அப்படியே வந்தன. இங்கே 1/60 விநாடிக்குள் விடை வர வேண்டும் என்ற அவசரம் இல்லை. யாருக்கும் சலுகையும் இல்லை.

தகைவு அளவு மீறினால் தண்ணீருக்குள்ளேயே விளிம்பு விரிசல் விடும். அப்படிப் பிளந்த வாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்வதற்கில்லை. கொல்லர் அடுத்த வாளுக்கு எஃகைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குவார்.